பிரிவு 312: காம்பாரிலிருந்து ஒரு பற்று வரவு

மலேசியாவில் கருக்கலைப்பு சட்டப்படி குற்றம், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள் காம்பார் காப்பிக் கடையில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. 2007இல் 120 மருத்துவர்கள், தாதியரிடம் கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வில் நூற்றுக்கு 43 பேருக்குச் சட்டம் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. சில சூழல்களில் கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு என்று சரியாகச் சொன்னவர்கள் 57 பேர். அப்போது அந்த அனுமதிக்கு வயது 18.

தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவில் 1989இல் ஒரு விலக்கு சேர்ந்தது. கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ வரக்கூடிய கேடு, கர்ப்பத்தைக் கலைப்பதால் வரும் கேட்டைவிடப் பெரியது என்று பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு கருதினால் அவர் கலைக்கலாம். மனநலம் என்ற சொல் அதில் தெளிவாகவே இருக்கிறது. பாலியல் வன்முறையால் உண்டான கர்ப்பத்துக்குத் தனி விதி கிடையாது. அதுவும் இந்த மனநல வாசல் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். கணவன் கையெழுத்து வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் முதலில் கேட்கப்படுவது பல நேரங்களில் அதுதான்.

இந்த விலக்குக்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு 1985இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த ஒரு வழக்கு போதும். நரம்புப் புடைப்பு இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கருவைக் கலைத்தார் ஒரு மருத்துவர். உயிரைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று வாதாடினார். போதுமான விசாரணை செய்யாமல் முடிவெடுத்தார், அதை நல்லெண்ணம் என்று ஏற்கமுடியாது என்று சொல்லி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி ஆக்கியது. அன்றைக்கு உயிர் என்ற ஒரே காரணம்தான் செல்லுபடியானது. நான்கு ஆண்டு கழித்து உடலும் மனமும் சேர்ந்தன.

312 என்ற எண் நம்முடையதல்ல. 1860இல் கல்கத்தாவில் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் எண் அது. 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்து, பிறகு பேராக் உள்ளிட்ட கூட்டு மாநிலங்களுக்கும் போனது. சம்மதத்தோடு கலைத்தால் 3 ஆண்டு வரை, கரு அசையத் தொடங்கிய பிறகு என்றால் 7 ஆண்டு வரை என்ற தண்டனைக் கணக்கும் கல்கத்தாவில் போட்டது போலவே இங்கே நிற்கிறது. சொந்த ஊரில் கதை வேறு. இந்தியா 1971லேயே மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2021இல் சிலருக்கு 24 வாரம் வரை நீட்டியது. 2022 செப்டம்பரில் மணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலையில் பழைய சட்டப் புத்தகத்தையே மாற்றி, 312க்கு 88 என்று புது எண் கொடுத்துவிட்டார்கள். பிறந்த வீட்டில் மறைந்துபோன எண், காம்பார் இருக்கும் கிந்தாப் பள்ளத்தாக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

காம்பார் ஈயத்தால் எழுந்த ஊர். ஈயக் குட்டைகளைத் தாண்டி கோப்பேங் பக்கமும் தாப்பா, பீடோர் பக்கமும் போனால் பால்மரம். அங்கே பெண்ணின் வயிறு யார் கணக்கில் இருந்தது என்று பார்க்க, தோட்டத்துப் பழைய எண்களைப் புரட்டவேண்டும். 1901இல் மலாயாவிலிருந்த இந்தியர்களில் 1,000 ஆணுக்கு 171 பெண்கள். 1911இல் 308. 1921இல் 406. 1931இல் 482. இது தானாக நடந்ததல்ல. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்தின் விதிகள் தனியாட்களாக வரும் ஆண்களின் பங்குக்கு வரம்பு வைத்தன. துரைமாருக்கும் பெண்கள் தேவைப்பட்டார்கள். குடும்பமாக இருப்பவன் லயத்தை விட்டு ஓடமாட்டான். பெண் மலிவான கூலியாள். அவள் பெறுகிற பிள்ளை அடுத்த தலைமுறைக் கூலியாள். இந்தக் கணக்கையெல்லாம் அருணிமா தத்தா 2021இல் வந்த தம் நூலில் விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார்.

மலிவு என்பது எவ்வளவு? 1920களின் பிற்பகுதியில் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் 40, 32 என்று இறக்கினார்கள். இரண்டு முறையும் பெண்ணுக்கு ஐந்தில் நான்கு பங்கு. மரம் மட்டும் ஆண் வெட்டினாலும் பெண் வெட்டினாலும் ஒரே பாலைத்தான் தந்தது.

இந்தக் கூலியைக் கணக்கிட்ட தோட்டத்து வருகைப் பதிவேடு, செக்ரோல், எப்படி இருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நீளமான தாள். இடது ஓரத்தில் பெயர், அதற்கு வலப்பக்கம் 1 முதல் 31 வரை தேதிக் கட்டங்கள். விடியுமுன் பிரட்டில் பெயர் கூப்பிடும்போது நிற்காதவளுக்கு அன்றைய கட்டம் காலி. நிரையைப் பாதியில் விட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பினால் அரைப் பேர். கிராணிக்குக் கட்டம் காலி என்பது மட்டும்தான் தெரியும். காய்ச்சலா, தீட்டா, கலைந்துவிட்டதா, கலைத்துவிட்டாளா என்று பிரித்துக் காட்ட அந்தத் தாளில் இடமில்லை. அந்த விவரமெல்லாம் ஆயாக் கொட்டகைக் கிழவிக்குத்தான் தெரியும். "மூணு மாசமா முழுகாம இருந்தா, இப்ப இல்ல" என்று ஒரு வரியில் முடித்துவிடுவாள். அன்னாசி, பப்பாளிக்காய், எள்ளும் கருப்பட்டியும் என்று அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. கேட்காமல் போனது, கேட்டும் ரத்தம் நிற்காமல் போனது, இரண்டுமே அந்தப் பட்டியலில் உண்டு. கிராமத்திலிருந்து கப்பலேறி வந்த சாமான்களில் இதுவும் ஒன்று.

அரசாங்கத்துக்கும் வயிற்றின் மேல் ஒரு கணக்கு இருந்தது. 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மக்கள்தொகை வளர்ச்சியை 3 விழுக்காட்டிலிருந்து 1985க்குள் 2க்குக் குறைப்பது இலக்கு. எஸ்டேட்டுகளுக்கு மாத்திரையும் வந்தது, விளக்கக் கூட்டமும் வந்தது. அதே அரசாங்கம் 1984இல் புதிய மக்கள்தொகைக் கொள்கை என்று திரும்பியது. 2100க்குள் 7 கோடிப் பேர் வேண்டும் என்றது. மூன்று பிள்ளை வரை கிடைத்த மகப்பேற்றுச் சலுகை ஐந்து பிள்ளை வரை நீண்டது. இருபது ஆண்டுக்குள் ஒரே தாயிடம் முதலில் குறைத்துக்கொள் என்றும் பிறகு கூட்டிக்கொள் என்றும் சொன்னவர்கள், பெண்ணின் உரிமை என்ற தலைப்பில் இரண்டு முறையும் பேசவில்லை. ஆட்பலம், வளர்ச்சி விகிதம், உள்நாட்டுச் சந்தை, இவைதான் தலைப்புகள்.

இப்போதைய வேலைச் சட்டத்தைப் பார்ப்போம். 2023 ஜனவரியிலிருந்து மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் பிரசவம் என்பதற்கு அந்தச் சட்டம் ஒரு எல்லைக்கோடு போட்டிருக்கிறது. 2012 வரை 28 வாரம், அதற்குப் பிறகு 22 வாரம். அதற்கு முன்னால் கரு தானாகக் கலைந்தாலும் சரி, மருத்துவர் கலைத்தாலும் சரி, அது பிரசவமல்ல. மகப்பேற்று விடுப்பில் ஒரு நாள்கூட வராது. எம்.சி. எடுத்துக்கொள்ளவேண்டியதுதான். இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டு வரை 18, அதற்கு மேல் 22. 21 வாரம் சுமந்து பறிகொடுத்த தாய்க்கும் காய்ச்சலில் படுத்தவருக்கும் ஒரே நோய் விடுப்புப் பத்தி. கருவும் முழு மனிதன் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பத்தியைத் திருத்தச் சொல்லிக் குரல் எழுப்பி நான் கேட்டதில்லை.

இனி ஒரு பெண்ணின் கணக்கைக் கையில் எடுப்போம். யாரையும் குறிக்கவில்லை, எண்களை மட்டும் வைத்துப் போடுகிறேன். குறைந்தபட்சச் சம்பளம் 2025லிருந்து மாதம் 1,700 வெள்ளி. வேலைச் சட்டத்தின் முறைப்படி 26ஆல் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி 38 சென். காம்பார் அருகில் ஒரு தொழிற்சாலையிலோ எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலோ வேலை. இரண்டு பிள்ளைகள். மூன்றாவது வேண்டாம், முதல் இரண்டு பிரசவமும் அவளை மனதளவில் உடைத்துப் போட்டுவிட்டன.

அரசாங்க வழியில் போனால் காசு பெரிதில்லை. புறநோயாளிச் சீட்டு 1 வெள்ளி. சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 வெள்ளி. நாசி லெமாக் பொட்டலமும் தே தாரிக்கும் அந்த வார்டுக் கட்டணத்தைவிட அதிகம் ஆகும். உலகத்தில் இவ்வளவு மலிவாக மருத்துவம் கிடைக்கும் நாடுகள் குறைவு. அதில் சந்தேகமே இல்லை.

பற்று எங்கே ஏறுகிறது? சட்டம் ஒரு மருத்துவரின் கருத்தே போதும் என்கிறது. சுகாதார அமைச்சின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து முடிவெடுக்கவேண்டும் என்கிறது. காம்பாரில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் சிறப்பு மருத்துவர்கள் நிறைந்த பெரிய ஆஸ்பத்திரி ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனூன். ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஒரு நாள் கிளினிக், ஒரு நாள் ஈப்போ, இன்னொரு நாள் இரண்டாவது மருத்துவர், சிகிச்சைக்கு ஒரு நாள் என்று வைத்தாலும் 4 நாள். சம்பளத்தோடு எம்.சி. கிடைத்தால் நட்டமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போனால் 4 நாள் சம்பளம், 261 வெள்ளி 52 சென். அந்த நான்கு நாளில் மேனேஜருக்கு ஒரு காரணம், மாமியாருக்கு வேறு காரணம். இவ்வளவும் செய்து போய் நின்றால், உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று மட்டும் கேட்டு, மனநலத்தைக் காதில் போட்டுக்கொள்ளாத மருத்துவர் எதிரில் உட்கார்ந்திருக்கலாம். இந்தத் தயக்கத்தைப் பெண்ணுரிமை அமைப்புகள் பல ஆண்டாகச் சொல்லி வருகின்றன. முடியாது என்று சொன்னால் அவர் சட்டத்தை மீறவில்லை. சட்டம் அவருக்கு அனுமதி மட்டுமே கொடுத்திருக்கிறது. கடமை என்று சொல்லவில்லை.

அடுத்து தனியார் கிளினிக். அங்கே பல நூறு வெள்ளியில் தொடங்கும். வாரம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். ஆயிரம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அது 15 நாள் உழைப்புக்கும் சற்று மேல். கையில் ஆயிரம் இல்லாதவள் அதைச் சேர்ப்பதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும். கட்டணம் இன்னொரு படி ஏறியிருக்கும். கார் இருக்கிற, கணவனும் கூட வருகிற ஈப்போ ஆசிரியை ஒரு சனிக்கிழமையில் முடித்துவிட்டு வரும் காரியம் இது. அவர் எந்த விவாதத்திலும் அகப்படுவதில்லை. ஏழைப் பெண் அகப்படுகிறாள், தாமதத்தால்.

அதற்கும் வழியில்லாதவர்கள் கைப்பேசியில் மாத்திரை தேடுகிறார்கள். மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2019இல் முதன்மைப் பட்டியலுக்கே உயர்த்தியது. மிஃபெப்ரிஸ்டோனுக்கு மலேசியாவில் பதிவு இல்லை. ஆக இங்கே இணையத்தில் விற்பதெல்லாம் கள்ளச் சரக்கு. உறைக்குள் இருப்பது எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று வாங்குகிறவளுக்குத் தெரியாது.

எத்தனை பேர் இப்படிப் போகிறார்கள்? தனியார் கிளினிக்குகள் கலைப்புகளைக் கணக்கெடுத்து அறிவிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் நாட்டுக்கு மொத்த எண் கிடையாது. பக்கத்துச் சிங்கப்பூர் 1970இல் சட்டத்தைத் திறந்ததோடு எண்ணவும் தொடங்கியது. 1985இல் 23,500க்கும் மேல், 2010இல் ஏறத்தாழ 12,000. குறைந்துகொண்டே வந்ததை எவரும் பார்க்கலாம். எண்ணினால் குறைகிறது என்று நான் சொல்லவில்லை. குறைகிறதா கூடுகிறதா என்று சொல்லவாவது எண்ணவேண்டும். இந்தியாவில் சட்டம் இருந்தும் அரசாங்கக் கணக்கு பொய்த்தது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் எடுத்த ஆய்வை வைத்து, 2015இல் நாடு முழுக்க 1 கோடியே 56 லட்சம் கலைப்புகள் என்று 2018இல் மதிப்பிட்டார்கள். நான்கில் மூன்று பங்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே, மாத்திரையால். தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதிக்கும் இலங்கையில் ஒரு நாளைக்கு 658 என்று ஒரு பழைய மதிப்பீடு சொன்னது. சட்டம் இறுகினால் எண் சுருங்கும் என்று நம்புகிறவர்கள் இந்த 658ஐ ஒரு முறை எழுதிப் பார்க்கட்டும்.

நேரடி எண் இல்லாத இடத்தில் பக்க எண்களை வைத்துத்தான் பார்க்கமுடியும். 1970இல் மலேசிய இந்தியப் பெண் ஒருவருக்குச் சராசரி 4.8 பிள்ளை. 2020இல் 1.2. நாலில் ஒரு பங்கு. கருத்தடை பயன்பாடு அதற்கேற்ப ஏறியிருக்கவேண்டும் அல்லவா? 1984இல் மணமான பெண்களில் நூற்றுக்கு 51.4 பேர் ஏதாவது ஒரு முறையைப் பயன்படுத்தினார்கள். 2014இல் 52.2. முப்பது ஆண்டில் ஒரு விழுக்காடுகூட நகரவில்லை. நவீன முறைகளை மட்டும் எடுத்தால் 34.3தான். பிள்ளை வேண்டாம், ஆனால் எந்த முறையும் இல்லை என்றவர்கள் நூற்றுக்கு 19.6. இது எல்லா இனத்தையும் சேர்த்த எண் என்பதை மறக்கக்கூடாது. தாமதமாகக் கல்யாணம் ஆவதும், கல்யாணமே ஆகாமல் இருப்பதும் வீழ்ச்சியில் பெரும்பகுதியை விளக்கும். மீதியை விளக்க 312ஆம் பிரிவுப் பக்கம் வராமல் முடியாது என்பது என் கணிப்பு.

இனி எதிர்த் தரப்பு. அவர்கள் சொல்வதைக் கேலி செய்து தள்ளிவிட முடியாது. கருவில் இருப்பது உயிர். அதைக் கலைப்பது சிசுஹத்தி என்பது நம் வீடுகளில் ஊறிய எண்ணம். கத்தோலிக்கத் திருச்சபை கருத்தரித்த கணத்திலிருந்து கணக்கைத் தொடங்குகிறது. தேசிய ஃபத்வா மன்றம் 2002இல் 120 நாளை எல்லையாக வைத்தது. அதற்குப் பிறகு தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற கடும் காரணங்களுக்கு மட்டுமே இடம். கவனித்தால், மதமும் நாட்களை எண்ணித்தான் பேசுகிறது. எல்லாக் கருவும் எல்லா நாளிலும் ஒன்றுதான் என்று இந்நாட்டின் பெரும்பான்மை மதமே சொல்லவில்லை.

என்னை உண்மையிலேயே தடுமாற வைப்பது வேறொரு எண். 2011இல் இந்தியாவில் ஆறு வயதுக்குட்பட்டோரில் 1,000 ஆண்பிள்ளைக்கு 919 பெண்பிள்ளை. தமிழ்நாட்டில் 943. ஸ்கேன் பார்த்துப் பெண் என்று தெரிந்து கலைத்தவர்களின் கணக்கு அந்த இடைவெளியில் இருக்கிறது. 1994இல் அதைத் தடுக்கத் தனிச்சட்டமே போட்டார்கள். பெண்ணின் உரிமை என்று நாம் சொல்வதைக் கொண்டே பெண்ணைப் பிறக்கவிடாமல் செய்யலாம் என்பது உண்மை. ஆனால் அங்கே முடிவெடுத்தது பெரும்பாலும் அவளா, மாமியாரா, வரதட்சணையா? மலேசியாவில் பிறப்பில் 100 பெண்ணுக்கு ஏறத்தாழ 107 ஆண்; இயற்கை விகிதத்தை ஒட்டியதுதான். அந்த நோய் இங்கே அளவில் தெரியவில்லை. எனவே பெண்சிசுக் கொலைக்குப் பெயர்போன சேலத்தையும் உசிலம்பட்டியையும் காட்டிக் காம்பார்ப் பெண்ணை மடக்குவது பொருந்தாது.

சேலத்துக்கு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. வேண்டாத பெண்பிள்ளையைக் கொல்லாதே, தொட்டிலில் போடு என்றார் அன்றைய தமிழ்நாட்டு முதல்வர் ஜெயலலிதா. பதினெட்டு ஆண்டு கழித்து, 2010 மே மாதம் பெட்டாலிங் ஜெயாவில் ஆர்ஃபன்கேர் அமைப்பு ஒரு குழந்தைப் பெட்டகம் திறந்தது. கதவைத் திறந்து குழந்தையை உள்ளே வைத்துவிட்டுப் போனால் போதும். காரணம் காவல்துறை ஏடுகளில் இருக்கிறது. 2005 முதல் 2011 வரை கைவிடப்பட்ட சிசுக்கள் 517. உயிரோடு கிடைத்தவை 230, பிணமாக 287. 2010 முதல் 2019 மே வரை எடுத்தால் 1,010. மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்பது. அவற்றில் நூற்றுக்கு 64 இறந்தே கிடைத்தன. கழிவறை, குப்பைத்தொட்டி, ஆற்றோரம் என்று செய்தித்தாள் மூலையில் வரும் நாலு வரிகளின் கூட்டுத்தொகை இது. 2010இல் இவற்றைக் கொலையாக விசாரிக்கலாம் என்ற பேச்சு அமைச்சரவை வரை போனது. எட்டாவது வாரத்தில் ஒரு மருத்துவரிடம் சட்டப்படியே முடிந்திருக்கக்கூடியது, நாற்பதாவது வாரத்தில் காவல் நிலையத்துக்கு வந்துசேர்கிறது. இந்த 1,010ஐயும் எதிர்த் தரப்பின் பற்றுப் பக்கத்தில்தான் நான் எழுதுவேன். தங்கள் தரப்பு உயிரைக் காக்கிறது என்பது அவர்கள் வாதமென்றால், மறுப்பதால் போகும் உயிரும் அதே ஏட்டில் வரவேண்டும்.

இன்றைக்குத் தோட்டங்களில் பிரட்டுக்கு நிற்பவர்களில் பெரும்பாலோர் தமிழர் அல்லர். இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம். வெளிநாட்டுத் தொழிலாளருக்கான மருத்துவப் பரிசோதனையில் பெண்ணுக்குக் கர்ப்பச் சோதனையும் உண்டு. கர்ப்பம் என்று தெரிந்தால் வேலைக்குத் தகுதியில்லை. பெர்மிட் போகும், ஊருக்கு அனுப்புவார்கள். கலைத்தால்? 2014 அக்டோபரில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கிளினிக்கில் 24 வயது நேபாளத் தொழிலாளி ஒருவரைப் பிடித்தார்கள். கர்ப்பம் சுமார் ஆறு வாரம். 312ஐ விட்டுவிட்டு 315ஆம் பிரிவில் வழக்குப் போட்டார்கள். குழந்தை உயிரோடு பிறப்பதைத் தடுக்கும் செயலுக்கான பிரிவு அது; 1989இல் வந்த உடல்நல, மனநல விலக்கு அதில் இல்லை. அவருக்கு விதித்த தண்டனை ஓர் ஆண்டுச் சிறை. உரிமை அமைப்புகள் தலையிட்டு மேல்முறையீடு செய்ததில் பினாங்கு உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது.